பொன்முடியில் மூன்று நாள்

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் பலருக்கும் கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். பள்ளிக்கூடம் மூடியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கோ, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கோ புறப்பட்டுவிடுவோம். சென்ற மே மாதம் எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் தலைகீழாயிற்று. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து பெரியப்பா குடும்பம். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா குடும்பம். கரமனையிலிருந்து அத்தையும் மாமாவும், அவர்கள் மக்களும் பேரப்பிள்ளைகளும். ஆரியசாலையில் ஆச்சியோடு ஒரே வீட்டில் இருக்கும் நாங்கள். எண்ணிப் பார்த்தால் 23 பேர். இத்தனை பேரும் பொன்முடி மலையில் மூன்று குடில்களில் மூன்று நாள் தங்கினோம்.

மலைக்குப் போகவேண்டும் என்று சொன்னவர்கள் ஆச்சி. வயது 85. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அன்றி வீட்டைவிட்டு வெளியே போகாதவர்கள். குடும்பம் கூடியதற்குக் காரணம் வேறு. தாத்தா கட்டிய ஆரியசாலை வீட்டை விற்பது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். ஓடு ஒழுகுகிறது. பின்கட்டுச் சுவர் வெடித்திருக்கிறது. செப்பனிடும் செலவை ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. ஆச்சியையும் சேர்த்து வீட்டுக்கு ஐந்து பங்கு. மற்றவர் பங்கை விலை கொடுத்து வாங்கும் வசதி எங்கள் தந்தையாருக்கு இல்லை. சாலைக் கடைத்தெருவில் தாத்தா வைத்த பாத்திரக் கடை இன்று பாதிக் கடையாகச் சுருங்கிவிட்டது. ஆகவே விற்பது என்றாயிற்று. அதற்கு ஆச்சியின் கையெழுத்து வேண்டும். கேட்டபோது ஆச்சி மறுக்கவில்லை.

"அந்த மலைய ஒரு தடவ கிட்டத்துல பாத்துக்கிடுதேன். பொறவு எங்க போடச் சொன்னாலும் போடுதேன்" என்றார்கள்.

எந்த மலை என்று எங்களுக்குத் தெரியும். ஆச்சி பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். அங்கே மேற்குத் திசை முழுவதும் மலைதான். பொதிகை என்று நாம் சொல்லும் அந்த மலைக்குப் பின்னால்தான் நாள்தோறும் கதிரவன் மறைவான். 1958-இல் ஆச்சிக்கு மணமாயிற்று, வயது 18. அம்பாசமுத்திரத்தில் ரயிலேறித் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் என்று மலையைச் சுற்றிக்கொண்டு இந்த நகருக்கு வந்து இறங்கினார்கள். நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1981-இல்தான். பறவை பறந்தால் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவு. ரயிலில் சுமார் 200 கிலோமீட்டர். வந்த சில நாளில் துணி உலர்த்தப் பின்கட்டுத் தளத்தில் ஏறியபோது, மழை விட்ட ஒரு காலையில், கிழக்கே ஒரு மலை தெரிந்ததாம். யாரையோ கேட்டார்கள். அகஸ்தியர்கூடம் என்று சொன்னார்கள். கதிரவன் மறைகின்ற பக்கத்தில் விட்டு வந்த மலை, கதிரவன் எழுகின்ற பக்கத்தில் வந்து நிற்கிறதே என்று அன்று ஆச்சி அழுதார்களாம். இதை நாங்கள் சிறுவயதில் பலமுறை கேட்டதுண்டு, சிரித்ததும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிழக்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்து மலையை மறைத்துவிட்டது. அதன்பின் ஆச்சி தளத்தில் ஏறுவதில்லை. முழங்கால் வலி என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அகஸ்தியர்கூடம் 1868 மீட்டர் உயரமுள்ள சிகரம். அதன் உச்சிக்கு ஏற வனத்துறையின் அனுமதி வேண்டும்; காட்டு வழியில் நாள்கணக்கில் நடக்கவும் வேண்டும். 85 வயதில் அது ஆகாது. பொன்முடி அப்படியன்று. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். உயரம் சுமார் 1100 மீட்டர். உச்சிக்கு மிக அருகில் வரை வண்டி போகும். வானம் தெளிந்தால் தென்கிழக்கே அகஸ்தியர்கூடம் தெரியும். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே குடில்கள் நடத்துகிறது. விடுமுறைக் காலத்தில் அவை எளிதில் கிடைப்பதில்லை. போக விரும்பும் அன்பர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நலம். கம்பளியும் குடையும் எடுத்துப்போக வேண்டும். நாங்கள் கம்பளி எடுத்துப் போனோம், குடையை மறந்தோம்.

காலை 6 மணிக்கு இரண்டு வேன்களில் புறப்பட்டோம். பெரியப்பா ஒரு தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தார். பின்னால் சாமான்களோடு வைக்கலாமே என்று ஓட்டுநர் சொன்னார், அவர் இணங்கவில்லை. பத்திரங்கள் அந்தப் பையில் இருந்தன என்பது 23 பேருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பதிலாக முந்திரிக்கொத்தைப் பற்றிப் பேசினோம். அத்தை செய்து கொண்டுவந்திருந்தார். நெடுமங்காடு வருமுன்னே பாதி டப்பா காலி.

நெடுமங்காடு நல்ல வியாபாரத் தலம். 1677 முதல் 1684 வரை வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியோடு தொடர்புடைய கோயிக்கல் அரண்மனை இவ்வூரில் இருக்கிறது. இப்போது நாட்டார் கலைப் பொருள்களும் பழங்காசுகளும் வைத்த காட்சிச் சாலையாக உள்ளது. திரும்பி வரும்போது பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டோம். இத்தகைய உறுதிமொழிகள் நிறைவேறுவதில்லை. அடுத்து விதுரா. பிறகு ரப்பர்த் தோட்டங்கள் முடிந்து கல்லாறு வந்தது. பெயருக்கேற்ற ஆறு. யானைக் குட்டிகள் படுத்துக் கிடப்பது போன்ற உருண்டைக் கற்கள். அவற்றின் இடையே பளிங்கு போன்ற தண்ணீர். அமைதியாகத் தோன்றும் இந்த நீர், மலையில் மழை பெய்தால் நொடியில் பெருகிவிடும். குளிக்க இறங்கி உயிரிழந்தவர் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போவோர் இதனை மறக்கலாகாது.

வனத்துறையின் சோதனைச் சாவடியைத் தாண்டியபின் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பலகை உண்டு. பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். எண்ணியதில் ஒரு வேடிக்கை. கரமனைப் பிள்ளைகள் மலையாளத்தில் எண்ணினார்கள். சென்னைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எண்ணினார்கள். சிங்கப்பூர்ப் பையன் ஒருவன்தான் தமிழில் எண்ணினான். அந்நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தாய்மொழியாகப் பள்ளியில் கட்டாயம் கற்பிக்கிறார்கள். ஐந்து மணி நேரம் விமானத்தில் வந்த பிள்ளை தமிழ் படிக்கிறான். செங்கோட்டைக்கு அடுத்த மாவட்டத்தில் பிறந்த எங்கள் வீட்டுப் பெண் தமிழ்ப் பத்திரிகையைப் படத்துக்காக மட்டும் புரட்டுகிறாள். குற்றம் அவளுடையதன்று, எங்களுடையது. ஒன்பதாம் வளைவில் அவளுக்குக் குமட்டல் வந்தது. எலுமிச்சம்பழம் கொடுத்தவர்கள் ஆச்சி. 22 வளைவுகளிலும் ஆச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலே போய் இறங்கியபோது மலை இல்லை. உண்மையில் ஒன்றுமே இல்லை. எங்கும் வெண்மையான மூடுபனி. பத்தடிக்கு அப்பால் நின்ற மாமாவின் குரல் மட்டும் கேட்டது. குடிலின் கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மறைந்து விளையாட மரம் வேண்டாம், சுவர் வேண்டாம். இரண்டடி நடந்தால் போதும். ஆச்சி திண்ணையில் ஒரு நாற்காலியைத் தென்கிழக்கே திருப்பிப் போடச் சொல்லி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உணவுக்கு அழைத்தபோது எழுந்தார்கள். உண்டுவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள்.

அன்று மாலை பிள்ளைகளுக்கு அகத்தியர் கதையைச் சொன்னார்கள். கயிலையில் திருமணம் காண எல்லாரும் ஒரே பக்கத்தில் கூடிவிட, வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. நிலத்தைச் சமன் செய்ய அகத்திய முனிவரைத் தெற்கே அனுப்பினார்கள். அவர் வந்து தங்கிய மலை இது. இந்தக் கதையைக் கேட்ட சிங்கப்பூர்ப் பையன், "அப்படியானால் நாம் 23 பேரும் இங்கே வந்துவிட்டோமே, இப்போது எது சாய்ந்திருக்கும்?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த முனிவருக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைக்கல, பாவம்" என்றார்கள் ஆச்சி.

புராணத்தை விட்டாலும் இந்த மலை நமக்குப் புதியதன்று. பொதியிலை ஆண்ட ஆய் அண்டிரனைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தாலமியும் ஆய் நாட்டைக் குறிப்பிடுகிறார். மலையின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி அம்பாசமுத்திரத்தைத் தொட்டுத் திருநெல்வேலிச் சீமையை வாழவைக்கிறது. அதே தொடரின் மேற்குச் சரிவில் பிறப்பவை கரமனை ஆறும், நெய்யாறும், கல்லாறு போய்ச் சேரும் வாமனபுரம் ஆறும். கரமனை ஆற்று நீரை அருவிக்கரையில் தேக்கி நகருக்குக் குழாயில் கொண்டுவந்தது 1933-இல். பின்னர் 1983-இல் பேப்பாறை அணை எழுந்தது. நாம் நாள்தோறும் குழாயில் பிடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் இந்த மலையின் தண்ணீரே. மலையின் முதுகில்தான் இரு மாநில எல்லையும் ஓடுகிறது. 1956-இல் நாஞ்சில் நாட்டுத் தாலுக்காக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும், இந்த முதுகில் இருந்த கோடு மட்டும் பழைய திருவிதாங்கூர்க் கோடாகவே நின்றது.

இரவு குளிர் கடுமையாக இருந்தது. பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, இருக்கும் கம்பளிகளை எல்லாம் போட்டு மூடிவிட்டுப் பெரியவர்கள் ஒரு குடிலின் திண்ணையில் கூடினார்கள். தோல் பை வந்தது. பேச்சு வீட்டைப் பற்றி இல்லை. அது முடிந்துபோன பேச்சு. ஆச்சி இனி எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி.

பெரியப்பா சென்னையில் இருக்கிறார். அவர் வீட்டில் மின்தூக்கி உண்டு; பக்கத்தில் மருத்துவமனை உண்டு. "அம்மாவுக்குத் தனி அறை ஒழித்து வைத்திருக்கிறேன்" என்றார். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்து பணம் அனுப்புவதாகச் சொன்னார். எங்கள் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வீடு விற்றபின் எங்கள் பங்கில் வாங்க முடிவது மின்தூக்கி இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. 67 ஆண்டுகள் ஆச்சி இருந்தது எங்கள் வீட்டில். நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் அவர்கள் கையில். "எங்களோடு வாருங்கள்" என்ற இரண்டு சொற்கள் எங்கள் நாவில் இருந்தன, வெளியே வரவில்லை. மூன்று மாடி ஏறச் சொல்லி எப்படி அழைப்பது?

அப்போது மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கரமனையில எங்க வீடு தரைத் தளந்தான். அத்தைக்கு ஒரு படி ஏறவேண்டாம்" என்றார்.

பெரியப்பாவின் முகம் மாறியது. "மூணு ஆம்பளப் பிள்ளைகள் இருக்கும்போது, அம்மாவ மக வீட்டுல விட்டுட்டுப் போனோம்னு ஊர்ல பேசமாட்டாங்களா?" என்று கேட்டார்.

எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் நம்மை அறிந்தவர் இன்று நான்கு வீட்டில்கூட இல்லை. ஆயினும் அந்தச் சொல் நிற்கத்தான் செய்தது. அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் அழுதது எங்களுக்குக் கேட்டது. ஆச்சி நாற்காலியில் அசையாமல் இருந்தார்கள். கடைசியில், "படுத்துத் தூங்குங்க. குளிருது" என்றார்கள்.

இரண்டாம் நாளும் பனி விலகவில்லை. பிற்பகல் இடியோடு மழை. குடை இல்லாத காரணத்தால் பெரும்பாலோர் குடிலிலேயே அடைபட்டுச் சீட்டாடினார்கள். மழை சற்று விட்டபோது ஆச்சியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பக்கத்துத் தேநீர்க் கடை வரை போனோம். கடை வைத்திருந்தவர் நடுத்தர வயதுள்ள ஓர் அம்மையார். எங்கள் பேச்சைக் கேட்டதும் மலையாளத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"ஆச்சிக்கு எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம். உனக்கு?"

"இங்கதான் ஆச்சி. தேயிலைத் தோட்டத்து லயத்துல பிறந்தவ. எங்க தாத்தாவக் கங்காணி தென்காசிப் பக்கமிருந்து கூட்டிட்டு வந்தாராம். அந்த ஊரு பேரு என்னன்னு எங்க அப்பாவுக்கே சரியாத் தெரியல."

அவர் பிறந்த தோட்டத்தில் வேலை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். தொழிற்சாலைக் கூரை விழுந்து கிடக்கிறது. சேரவேண்டிய பணம் முழுவதும் வரவில்லை. லயத்து வீடுகள் ஒழுகுகின்றன. ஆயினும் சிலர் அங்கேயே இருக்கிறார்கள். இது இந்தப் பக்கத்துக் கதை மட்டும் அன்று. மலையின் கிழக்குப் பக்கத்தில், அம்பாசமுத்திரத்துக்கு மேலே உள்ள மாஞ்சோலையிலும் அப்படியே. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் எழுந்த அத்தோட்டத்திலும் 2024-இல் வேலை நிறுத்தப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இருந்த தொழிலாளர்கள் மலை இறங்கும் நிலை வந்தது.

வந்திருக்கும் காரணத்தை ஆச்சி மறைக்கவில்லை. வீட்டை விற்கப் போகிறார்கள் என்றார்கள். அந்த அம்மையார் பாலை ஆற்றிக்கொண்டே, "விக்கதுக்கு வீடு இருக்கே ஆச்சி. எங்களுக்கு விக்க வீடும் இல்ல, திரும்பிப் போக ஊரும் இல்ல. அதனால எங்கேயும் போகாம இங்கேயே இருக்கோம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். தேநீருக்கு ஆச்சியிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் வற்புறுத்தியும் பயனில்லை. ஆச்சி முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவர் நெற்றியில் இட்டார்கள்.

மூன்றாம் நாள் விடியுமுன், எங்கள் குடிலின் கதவை யாரோ தட்டினார்கள். ஆச்சிதான். தனியே எழுந்து, முகம் கழுவி, சேலை மாற்றி, கைத்தடியோடு நின்றார்கள். வெளியே பார்த்தோம். விண்மீன்கள் தெரிந்தன.

எல்லாரையும் எழுப்ப நேரமில்லை. எழுப்பாமலே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வண்டி போகும் இடம் வரை போய், பிறகு கல் பாவிய வழியில் மெல்ல ஏறினோம். இரு பக்கமும் முழங்கால் உயரப் புல், நனைந்திருந்தது. உச்சிக்கு அருகே இதே சரிவுகளில்தான் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது என்று மாமா சொல்லிக்கொண்டு வந்தார். ஆச்சிக்கு மூச்சு வாங்கியது. நான்கு இடங்களில் நின்றார்கள். பெரியப்பா ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் கைகொடுத்தார்கள். இருவரும் முதல் நாள் இரவிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.

கிழக்கு வெளுத்தது. முதலில் தெரிந்தது ஒரு மலை. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் மற்றொன்று. கருநீலம், நீலம், சாம்பல் என்று மடிப்பு மடிப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளத்தாக்குகளில் பனி, பால் ஊற்றியது போல் கிடந்தது. தென்கிழக்கே அந்த மடிப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு கூர்மையான சிகரம் தனித்து நின்றது. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சொல்லாமலே ஆச்சி கைகுவித்துவிட்டார்கள்.

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. மலை முதுகுக்குப் பின்னாலிருந்து கதிரவன் மெல்ல எழுந்தான். ஆச்சி நேர் கிழக்கே கையை நீட்டினார்கள்.

"அதுக்கு அங்கிட்டுத்தான் எங்க ஊரு. அங்கன கிழக்க மலை கிடையாதுல்லா. வெயிலு இந்நேரம் களத்துல வந்து விழுந்திருக்கும்" என்றார்கள்.

பிறகு அங்கிருந்த கல் ஒன்றில் அமர்ந்து, பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்கள்: "பைய எங்கல?"

பெரியப்பா திடுக்கிட்டார். பை குடிலில் இருந்தது. மூன்று நாளில் அதைப் பிரிந்து அவர் வந்தது அந்த ஒரு முறைதான்.

"சரி, கீழ போயிப் போடுதேன். ஆனா இத இங்கயே சொல்லிருதேன். மெட்ராசுக்கு நான் வரல. அங்க உன் வீட்டுல எனக்கு ஒரு குறையும் வராதுன்னு தெரியும். ஆனா அங்க இருந்து இந்த மலை தெரியாது. இந்தத் தண்ணியும் அங்க வராது. பிறந்ததுல இருந்து நான் வேற மலைத் தண்ணி குடிச்சதில்ல. அங்கிட்டு இருந்தப்பவும் இதான், இங்கிட்டு வந்தப்பவும் இதான். கரமனைக்குப் போறேன்."

"அம்மா, மக வீட்டுலயா..." என்று பெரியப்பா தொடங்கினார்.

"மக வீட்டுக்கு யாரு போறா? நான் ஆத்தங்கரைக்குப் போறேன்" என்றார்கள் ஆச்சி.

கரமனை ஆறு நகருக்குள் வரும்போது எவ்வளவு அழுக்கடைந்து போகிறது என்பதை அங்கே வாழும் நாம் அறிவோம். அந்த நேரத்தில் அதைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. அத்தை வீட்டு மாடித் தளத்திலிருந்து மழை விட்ட காலைகளில் மலை தெரியும் என்பதும் உண்மைதான். பெரியப்பா சிறிது நேரம் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தையிடம், "முந்திரிக்கொத்து மீதி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. எங்கள் குடும்பத்தில் சமாதானம் இப்படித்தான் நடக்கும்.

எங்கள் தந்தையார் மட்டும் பின்தங்கி வந்தார். இறங்கும்போது ஆச்சி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "தெனமும் கடைய அடச்சிட்டு வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ. சாலையில இருந்து கரமனை என்ன சீமையா?" என்றார்கள். இரண்டு கிலோமீட்டர்கூட இராது.

காலைச் சிற்றுண்டிக்குப் பின் குடிலின் திண்ணையில் ஆச்சி கையெழுத்திட்டார்கள். தமிழில், எழுத்தெழுத்தாக, நான்கு இடங்களில். ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து முதலில் இட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுப் பெண் அதைப் பார்த்து, "இது ஆச்சியோட பேரா?" என்று கேட்டாள். சிங்கப்பூர்ப் பையன் படித்துக் காட்டினான்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் வளைவுகளை 22-இலிருந்து கீழ்நோக்கி எண்ணினார்கள். கல்லாற்றில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள் ஆச்சி. கடையிலிருந்து எடுத்து வந்த செப்புச் செம்பு ஒன்று அவர்கள் கைப்பையில் இருந்தது. புறப்படும்போதே அதை எடுத்து வைத்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. மாமா கற்களின்மேல் இறங்கிப் போய் நிறைத்துக்கொண்டு வந்தார். எதையும் திருத்தமாகச் சொல்லவேண்டும் என்பது அவர் சுபாவம். "அத்தை, இது வாமனபுரத்து ஆத்துக்குப் போற தண்ணி. நம்ம கரமனை ஆறு வேற" என்றார்.

"மலை ஒண்ணுதான மாப்பிள்ளை" என்றார்கள் ஆச்சி.

செம்புக்கு மூடி இல்லை. யார் மடியில் வைப்பது என்று பார்த்து, முன் இருக்கையில் இருந்த பெரியப்பாவிடம் கொடுத்தோம். அவர் தோல் பையை ஓட்டுநரிடம் நீட்டிப் பின்னால் சாமான்களோடு வைக்கச் சொல்லிவிட்டு, செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விதுராவில் ஒரு பள்ளம், நெடுமங்காட்டில் இன்னொன்று. அவர் வேட்டி நனைந்தது. கோயிக்கல் அரண்மனையைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை. வீடு வந்தபோது செம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஆச்சி அதை வாங்கிப் பின்கட்டில், வெடித்த சுவரோரம் நின்ற துளசிக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். மீதியை மூடிவைக்கச் சொன்னார்கள். கரமனைக்குப் போகும்போது எடுத்துக்கொள்வார்களாம்.